முன்சக்கரம் தாங்கும் எடை

மண் பாதையில் சீறிப் பாயும் மோட்டார் சைக்கிளுக்கும் பெண்கள் பள்ளி ஆண்டு மலருக்கும் என்ன தொடர்பு என்று சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். பாலை நிலங்களிலும் கரடுமுரடான பாதைகளிலும் நடைபெறும் ‘பாஹா’ பந்தயங்களின் உலகக் கோப்பையை 2019ஆம் ஆண்டில் மகளிர் பிரிவில் வென்றவர் பெங்களூரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே என்பதை அவர்களுக்குப் பணிவுடன் நினைவூட்டுகிறோம். ஆனால் நாம் இங்குப் பேசப்போவது பந்தயத்தைப் பற்றி அன்று. அத்தகைய வண்டிகளின் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு குழாய்களைப் பற்றி. அவை ஒரு குறிப்பிட்ட எடையுள்ள மனிதரை மனத்தில் கொண்டு செய்யப்படுகின்றன. அவரைவிடக் கனமான ஒருவர் ஏறி அமர்ந்தால் என்ன நேர்கிறது? அப்போது எதை மாற்றவேண்டும்? இதில் பலரும் தவறான திருகைத் திருகுகிறார்கள் என்பதால்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

1924ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள் இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்துக் கேம்பர்லி என்னும் ஊரில் மேடு பள்ளங்களின் மீது மோட்டார் சைக்கிள்களை ஓட்டிப் பந்தயம் நடத்தினார்கள். இன்று ‘மோட்டோகிராஸ்’ என்று உலகெங்கும் வழங்கும் விளையாட்டின் தொடக்கமாக அதனைக் கூறுவர். அக்காலத்து வண்டிகளின் முன்பகுதியை இன்று பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரும். சக்கரம் ஒரு சில அங்குலமே மேலும் கீழும் அசையும். 1935இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் ஒரு குழாய்க்குள் மற்றொரு குழாய் நுழைந்து நழுவும் அமைப்பை எண்ணெயின் துணையுடன் தன் வண்டிகளில் பொருத்தி விற்கத் தொடங்கியது. அதுவே வளர்ந்து இன்றைய ‘ஃபோர்க்’ ஆயிற்று. 1970களின் தொடக்கத்தில்கூட பந்தய வண்டியின் முன்சக்கரம் 200 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே மேலேறும். இப்போது முழு அளவு மோட்டோகிராஸ் வண்டியில் அது சுமார் 300 மில்லிமீட்டர். நம் அடிக்கோல் முழுவதும் எவ்வளவு நீளமோ, அவ்வளவு தூரம் முன்சக்கரம் வண்டிக்குள் ஏறி இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள்!

இந்தக் குழாய்களுக்குள் மூன்று வேலையாட்கள் இருக்கிறார்கள்: எஃகுச் சுருள்வில், எண்ணெய், எண்ணெய்க்கு மேலே அடைபட்ட காற்று. (நம் ஊர்ப் பட்டறைகளில் இதனை ‘ஷாக் அப்சர்வர்’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ‘அப்சார்பர்’ என்பதே சரி. ஆயினும் அதிர்ச்சியைக் கவனித்துக்கொள்ளும் கருவி என்னும் பொருளில் ‘அப்சர்வர்’ என்பதும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.)

முதலில் சுருள்வில். ஒரு வில்லை எவ்வளவு விசையுடன் இழுக்கிறோமோ அந்த விசைக்கு நேர்விகிதத்தில் அது நீளும் என்பதை ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேய அறிஞர் கண்டார். அவர் அதை உடனே வெளியிடவில்லை. 1676இல் தம் கண்டுபிடிப்பைக் கூறும் இலத்தீன் வாக்கியத்தின் எழுத்துகளை அகர வரிசையில் கலைத்து, புதிர்போல் அச்சிட்டார். வேறு யாரும் தாமே கண்டுபிடித்ததாகச் சொல்லிவிடக்கூடாது என்ற அச்சம்! இரண்டு ஆண்டுகள் கழித்து 1678இல்தான் விடையை வெளியிட்டார். நாங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வில்லில் 50 கிராம் எடைக்கல்லைத் தொங்கவிட்டு நீட்சியை அளந்தோம். பின்பு 100, 150, 200 என்று ஏற்றிக்கொண்டே போனோம். வரைபடத்தாளில் புள்ளிகள் ஒரே கோட்டில் வந்து நின்றன. மோட்டார் சைக்கிள் ஃபோர்க்கின் வில்லும் இதே சட்டத்துக்கு உட்பட்டதுதான். அங்கே வில் நீளாமல் அமுங்குகிறது, அவ்வளவே வேறுபாடு.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 110 கிலோ எடையுள்ள ஒரு மோட்டோகிராஸ் வண்டி. ஒவ்வொரு குழாயிலும் உள்ள வில்லை 1 மில்லிமீட்டர் அமுக்க 5 நியூட்டன் விசை வேண்டும்; ஆகவே இரண்டுக்கும் சேர்த்து 10 நியூட்டன். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்றே கொள்வோம். குழாய்களின் சாய்வையும் உராய்வையும் கணக்கில் சேர்க்க வேண்டாம். குழாயை மூடும்போதே வில் 5 மில்லிமீட்டர் அமுக்கப்பட்டுத்தான் உள்ளே உட்காருகிறது. வண்டியின் எடையில் ஏறக்குறைய 45 கிலோ முன்வில்களின் மேல் விழுவதாகக் கொண்டால், ஆள் ஏறாதபோதே ஃபோர்க் 40 மில்லிமீட்டர் தாழ்ந்து நிற்கும். இதனை ‘வெற்றுத் தாழ்வு’ என்று அழைப்போம். 80 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறிக் கால்மிதிகளின் மேல் எழுந்து நின்றால் அவர் எடையில் பாதி முன்னே வரும். தாழ்வு 80 மில்லிமீட்டர் ஆகும். இது ‘ஆள் தாழ்வு’. மொத்த அசைவான 300 மில்லிமீட்டரில் இது கால்பங்குக்குச் சற்றுக் கூடுதல். பழகியவர்கள் விரும்பும் அளவும் ஏறத்தாழ இதுவே.

தாழ்வே இல்லாமல் விறைப்பாக நின்றால் நல்லதல்லவா என்று தோன்றலாம். அப்படியன்று. சக்கரத்துக்கு மேலே ஏற மட்டுமன்றிக் கீழே இறங்கவும் இடம் வேண்டும். பாதையில் பள்ளம் வரும்போது சக்கரம் கீழே நீண்டு மண்ணைத் தொட்டுக்கொண்டே இருந்தால்தான் கைப்பிடியைத் திருப்பும்போது வண்டி திரும்பும். பிரேக் பிடித்தால் நிற்கும். மண்ணைத் தொடாத சக்கரம் சக்கரமே அன்று.

இனி, 110 கிலோ எடையுள்ளவர் ஏறட்டும். ஆள் தாழ்வு 95 மில்லிமீட்டர் ஆகிவிடும். பதினைந்து மில்லிமீட்டர்தானே, ஒரு விரலின் அகலம்தானே என்று எண்ணவேண்டாம். நிற்கும்போது பதினைந்து. ஓடும்போது கதை வேறு. மேட்டிலிருந்து இறங்கும் நொடியில் உடல் தன் எடையைப்போல் மும்மடங்காக அழுத்தினால், நிற்கையில் முன்னே 150 நியூட்டனாக இருந்த கூடுதல் சுமை 450 நியூட்டனாகிறது. பிரேக் பிடிக்கும்போது வண்டி முன்னே குனிகிறது. ஃபோர்க் முடிவுவரை அமுங்கி ‘டங்’ என்று இரும்போடு இரும்பு மோதுகிறது. அந்த அடி முழுவதும் ஓட்டுபவரின் மணிக்கட்டுக்குப் போகிறது. முன்சக்கரம் கட்டுப்பாட்டை இழந்தால் விழுவது உறுதி. பின்சக்கரம் வழுக்கினாலாவது கொஞ்சம் சமாளிக்கலாம் என்பார்கள்.

இங்கேதான் பெரும்பாலோர் செய்யும் தவறு வருகிறது. ஃபோர்க்கின் தலைப்பில் உள்ள திருகை இறுக்கியோ, உள்ளே வளையத் தகடுகளை வைத்தோ வில்லை இன்னும் கொஞ்சம் அமுக்கிவிடுகிறார்கள். இதற்குப் ‘பிரீலோட்’ என்று பெயர். 15 மில்லிமீட்டர் அமுக்கினால் முன்புறம் 15 மில்லிமீட்டர் உயர்ந்து ஆள் தாழ்வு மறுபடியும் 80க்கே வந்துவிடும். ‘வில் கெட்டியாகிவிட்டது, சரியாகிவிட்டது’ என்று மகிழ்ந்து புறப்பட்டுவிடுவார்கள்.

வில் கெட்டியாகவில்லை! பிரீலோட் தருவது 150 நியூட்டன்; முதல் மில்லிமீட்டரிலும் அதே 150, கடைசி மில்லிமீட்டரிலும் அதே 150. அதற்குப்பின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் முன்போல் 10 நியூட்டன்தான். ஓட்டுபவரின் கூடுதல் எடையோ விழும் வேகத்துக்கு ஏற்ப இருமடங்கு, மும்மடங்கு என்று வளர்கிறது. வளரும் கடனை வளராத பணத்தால் அடைக்க முடியுமா? முடிவுவரை அமுங்கும்போது பழைய வில்கள் 3,050 நியூட்டனுடன் எதிர்த்தன, பிரீலோடுக்குப்பின் 3,200. அதே இடத்தில் 5க்குப் பதிலாக 5.6 நியூட்டன் வில்களைப் போட்டு, பழைய 5 மில்லிமீட்டர் பிரீலோடையே வைத்திருந்தால் 3,416 கிடைக்கும். ஆள் தாழ்வும் 84 மில்லிமீட்டரே. பழைய நிலைக்கு ஏறக்குறைய வந்துவிட்டோம்.

வில் மென்மையானதா என்பதைக் கண்டுபிடிக்கும் உபாயமும் இதற்குள்ளேயே இருக்கிறது. பிரீலோடைத் திருகி ஆள் தாழ்வைச் சரியாக்கிய பிறகு, ஓட்டுபவரை இறக்கிவிட்டு வெற்றுத் தாழ்வை அளக்கவேண்டும். மேலே சொன்ன கணக்கில் அது 40இலிருந்து 25ஆகக் குறைந்திருக்கும். ஆள் ஏறினால் அளவு சரி, ஆள் இறங்கினால் வண்டி விறைத்துக்கொண்டு நிற்கிறது என்றால் அந்த வில் அவருக்கு மென்மையானது என்று பொருள். புது வில்லில் வெற்றுத் தாழ்வு 35. இரண்டு அளவுகளையும் எடுத்தால்தான் உண்மை தெரியும். ஒன்று மட்டும் பாதி உண்மை. எங்களுக்கு இக்கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கடைகளில் இவ்வில்கள் 4.6, 4.8, 5.0, 5.2 என்று 0.2 நியூட்டன் படிகளில் கிடைக்கின்றன. ஓட்டுபவரின் எடை 10 கிலோ கூடினால் ஒரு படி என்பது பொதுவாகச் சொல்லப்படும் தோராயமான கணக்கு. எந்த எடைக்கு எந்த வில் என்ற அட்டவணையே சில வண்டிகளின் கையேட்டில் இருக்கும். பெரியவர்களுக்கான பந்தய வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெரும்பாலும் 70 முதல் 85 கிலோ எடையுள்ளவருக்கு ஏற்ற வில்களோடுதான் வருகின்றன. மனிதரெல்லாரும் அந்தப் பெட்டிக்குள் அடங்குவதில்லை.

இவ்விடத்தில் எடையைக் கேட்டால் வெட்கப்படுபவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளியில் மருத்துவப் பரிசோதனை நாளன்று எடைபார்க்கும் இயந்திரத்தின் முன் நம்மில் எத்தனை பேர் காலணிகளைக் கழற்றி, கைக்கடிகாரத்தையும் கழற்றி, மூச்சையும் அடக்கிக்கொண்டு நிற்கிறோம்! சுருள்வில்லிடம் அது செல்லாது. ஐந்து கிலோ குறைத்துச் சொன்னால் ஐந்து கிலோவுக்கு உரிய தவறு வில்லில் வந்து உட்காரும். உண்மையில் இங்கே கூட்டித்தான் சொல்லவேண்டும். தலைக்கவசம், முழங்கால்வரை வரும் கனத்த பூட்ஸ், மார்புக் கவசம், முதுகில் தண்ணீர்ப் பை எல்லாம் அணிந்துகொண்டு எடை பார்க்கவேண்டும். பத்துக் கிலோ வரை கூடிவிடும். நூறு கிலோ மனிதர் வண்டிக்குப் பொருந்தாதவர் அல்லர். வண்டிதான் இன்னும் அவருக்குப் பொருத்தப்படவில்லை.

அடுத்து எண்ணெய். மேற்சொன்ன வண்டியும் 80 கிலோ மனிதரும் சேர்ந்து 190 கிலோ. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே வந்தால் 1,900 ஜூல் ஆற்றல். முன்வில்கள் முழுவதும் அமுங்கினாலும் அவற்றில் அடங்குவது ஏறக்குறைய 465 ஜூல்தான். பின்வில், ஓட்டுபவரின் மடங்கும் கால்கள், இறங்கும் சரிவு ஆகியவை ஒரு பங்கை ஏற்கின்றன. எண்ணெய் பெரும்பங்கை ஏற்கிறது. தொட்டி நீரில் கையை மெல்ல நகர்த்துங்கள், நீர் வழிவிடும். ஓங்கி அடியுங்கள், உள்ளங்கை சிவந்துவிடும். ஃபோர்க்குக்குள் சிறு துளைகள் வழியாகவும் மெல்லிய தகடுகளை விலக்கிக்கொண்டும் எண்ணெய் பீறிட்டுச் செல்லும்போது அசைவின் ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது. வில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும். எண்ணெய் திருப்பிக் கொடுக்காது.

இதிலிருந்து ஒரு முக்கியமான செய்தி பெறப்படுகிறது. எண்ணெய் அசைவைத்தான் எதிர்க்கும். அசையாத எடையை அதனால் தாங்கவே முடியாது. எனவே கனமானவர் ஏறி வண்டி தாழ்கிறது என்பதற்காக அமுங்கலைத் தணிக்கும் திருகை இறுக்குவது பயன் தராது. தாழ்வு அப்படியே இருக்கும். சிறு கற்களின் மேல் போனால்கூடக் கை மரத்துப்போகும் அளவுக்கு வண்டி முரடாகிவிடும். மாறாக, வில் எழும்பும்போது தணிக்கும் மற்றொரு திருகு இருக்கிறது. கெட்டியான வில் அதிக வலுவோடு திரும்பி எழும் அல்லவா? ஆகவே வில்லை மாற்றியதும் இத்திருகைச் சற்றே இறுக்கவேண்டும். அளவு மீறினாலும் ஆபத்துதான்: வரிசையாகப் பல மேடுகள் வரும்போது ஒன்றிலிருந்து எழுவதற்குள் அடுத்தது வந்துவிட, ஃபோர்க் படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே போய் அசைய இடமின்றி நின்றுவிடும்.

மூன்றாவது வேலையாளான காற்றை விளக்க ஊசியில்லாத மருந்துக் குழல் ஒன்று போதும். முனையை விரலால் அடைத்துக்கொண்டு தண்டை அழுத்துங்கள். தொடக்கத்தில் எளிது, முடிவில் எவ்வளவு முயன்றாலும் நகராது. பாயில் விதி! வெப்பநிலை மாறாவிடில் கன அளவு பாதியாகும்போது அழுத்தம் இருமடங்காகும். ஃபோர்க்கில் எண்ணெய்க்கு மேலே, முழுவதும் அமுங்கிய நிலையில், 100 மில்லிமீட்டர் உயரத்துக்குக் காற்று இருக்கிறது என்று கொள்வோம். நீண்ட நிலையில் அது தோராயமாக 400. ஆகவே அமுங்கும்போது அழுத்தம் நான்கு மடங்கு. சிறிது எண்ணெய் ஊற்றி அந்த 100ஐ 80ஆக்கினால் 380இலிருந்து 80. கிட்டத்தட்ட நாலேமுக்கால் மடங்கு. பயணத்தின் தொடக்கத்தில் மாற்றமே தெரியாது; கடைசிப் பகுதியில்தான் கெட்டியாகும். சரியான வில்லைப் போட்ட பிறகும் பெரிய மேடுகளில் ஃபோர்க் தட்டுகிறது என்றால் இது கைகொடுக்கும். வில்லை மாற்றப் பணமில்லாதவர்கள் இதை மட்டும் செய்து ஒப்பேற்றுவதுண்டு. கடைசிப் பகுதிக்கு மட்டும் மருந்து, முதற்பகுதியின் நோய் அப்படியே. சில வண்டிகளில் எஃகு வில்லே இல்லாமல் காற்றே வில்லாகவும் இருக்கிறது. அங்கே கனமானவருக்குச் செலவு மிச்சம். சிறிய பம்பினால் அழுத்தத்தைக் கூட்டினால் போதும்.

முன்னே மட்டும் மாற்றி நிறுத்துவதும் கூடாது. கனமானவர் பின்வில்லையும் அமுக்குகிறார். பின்புறம் தாழ்ந்தே இருக்க முன்புறம் மட்டும் உயர்ந்தால், பின்பக்கம் மூட்டை ஏற்றிய மொபெட்போல் முன்சக்கரம் இலேசாகிவிடும்; வளைவில் திருப்பினால் வண்டி வெளியே வெளியே ஓடும். அதனால் பின்புறத்தை முதலில் சரிசெய்துகொண்டு முன்புறத்துக்கு வருவதே முறை. பெரிய மோட்டோகிராஸ் வண்டிகளில் பின்புற ஆள் தாழ்வு 100 மில்லிமீட்டர் அளவில் வைப்பார்கள்.

அளக்கும் விதம் எளிது. மூன்று பேர் வேண்டும். ஒருவர் வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ள, ஒருவர் எல்லாக் கவசங்களும் அணிந்து கால்மிதிகளின் மேல் நிற்க, மூன்றாமவர் அளவுநாடாவைப் பிடிக்கவேண்டும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு முதல் அளவு. பின்பு வண்டியைத் தரையில் நிறுத்தி இரண்டாம் அளவு. ஆள் ஏறி நின்று மூன்றாம் அளவு. குழாய்களில் உராய்வு இருப்பதால் ஒருமுறை மெல்ல அமுக்கி விட்டும், மறுமுறை மெல்லத் தூக்கி விட்டும் அளந்து சராசரி காணவேண்டும். வில்லை மாற்றும் வேலையைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடமே விடவேண்டும். மூடியின் கீழே வில் அழுத்தத்தோடு இருக்கிறது, கவனமின்றிக் கழற்றினால் மூடி முகத்துக்கே வரும்.

பிறகு ஓட்டிப் பார்ப்பது. ஃபோர்க்கின் பளபளப்பான உட்குழாயில் ஒரு கேபிள் டையை இறுகலாகக் கட்டிவிடுவார்கள். ஓட்டத்தில் ஃபோர்க் எவ்வளவு அமுங்கியதோ அதுவரை அது தள்ளப்பட்டு, வண்டி நின்ற பின்னும் அங்கேயே நிற்கும். பாதையின் மிகக் கடினமான இடத்தைக் கடந்த பிறகு முடிவுக்குச் சற்று முன்னே நின்றால் நன்று. 50 மில்லிமீட்டருக்கு மேல் மிச்சம் இருந்தால் அமைப்பு மிகவும் கெட்டி. ஒவ்வொரு சுற்றிலும் முடிவையே தொட்டால் இன்னும் மென்மை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யவேண்டும். தணிப்புத் திருகை முதலில் மென்மையாகக் கடைசிவரை வலப்புறம் திருப்பி, அங்கிருந்து எத்தனை ‘கிளிக்’ ஒலி கேட்கும்வரை பின்னால் திருப்பினோம் என்று எண்ணவேண்டும். எண்ணியதை ஒரு குறிப்பேட்டில், நாள், ஓட்டுபவரின் எடை, வில்லின் எண், எண்ணெயின் உயரம், இரண்டு தாழ்வுகள், கேபிள் டை நின்ற இடம் ஆகியவற்றோடு எழுதிவைக்கவேண்டும். அதே வண்டியில் நாளை அவருடைய தங்கை ஏறுவதானால், குறிப்பேட்டில் புதிய பக்கம். எடைபார்க்கும் இயந்திரத்திலிருந்து மறுபடியும் தொடங்கவேண்டியதுதான்.